இரண்டாவது முற்றத்துச் சுவர்

“கையை எடு! சுவத்து மேலேருந்து கையை எடு அண்ணே, இல்லேன்னா நானே எடுத்து விட்டுடுவேன்!”

“நான் தொட்டதாலயா விழப்போவுது? நல்லாப் பாரு ஃபெலிசா. மாசமா இருக்கிறவ மாதிரி வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது!”

“நீயும்தான் முப்பது வருஷமா வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கிற. உன்னை இடிச்சுத் தள்ளணும்னு யாராவது பேப்பர் எழுதினாங்களா?”

கார்னிவல் செவ்வாய், காலை ஒன்பது மணி. லா பாஸ் நகரமே பட்டாசும் பீருமாகத் தன் வீடு, கடை, வண்டி எல்லாவற்றுக்கும் ‘சாயா’ பூசை போட்டுக்கொண்டிருந்தது. டோன்யா ஃபெலிசாவின் வீட்டிலோ அண்ணனும் தங்கையும் ஒரு சுவருக்காகக் கட்டிப் புரளாத குறை. ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த இரண்டாவது முற்றம் கிணறு மாதிரி. உள்ளே முணுமுணுத்தால்கூடப் பக்கத்து வீடான எங்கள் மாடிக்கு ஏறி வந்துவிடும். நான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பண்டிகை நாளில் யாரம்மா துணி துவைப்பார்கள் என்று கேட்கிறவர்கள் நேராக அடுத்த பத்திக்குப் போகலாம்.

சென்ற வாரங்களைத் தவறவிட்டவர்களுக்கு: தெருவே மரியாதையாக ‘டோன்யா’ என்று கூப்பிடும் ஃபெலிசா அபாசா, வயது ஐம்பத்தாறு, கணவர் இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடம் மதியச் சாப்பாடு போட்டுச் சேர்த்த பணத்தில் போன ஜூன் மாதம் எங்கள் தெருவின் மிகப் பழைய வீட்டை வாங்கினார். பதினோரு அறைகள், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முற்றங்கள், கதவுள்ள கழிப்பறை ஒன்று, திரை போட்ட கழிப்பறை ஒன்று. விற்றவர்கள் புவெனஸ் அய்ரஸில் இருக்கும் ஏழு வாரிசுகள். விற்பதைத் தவிர வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள். வீட்டோடு சேர்ந்து குடித்தனக்காரர்களும் வந்தார்கள்.

“மண்ணை வாங்கியிருக்கா” என்று தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். மண்தான், வேகாத மண்கல்லில் ஒரு கை அகலத்துக்கு எழுப்பிய சுவர்கள். ஆனால் டோன்யா ஃபெலிசா அழகு பார்த்து வாங்கவில்லை, கதவுகளை எண்ணி வாங்கினார். ஓர் அறையின் வாடகையில் அடுத்த அறைக்கு ஓடு மாற்றினார். அந்த அறையின் வாடகையில் குழாய். ஆறு மாதத்தில் எட்டு அறைகள் ஒழுகுவதை நிறுத்தின. திரை போட்ட கழிப்பறைக்குக் கதவு வந்த அன்று குடித்தனக்காரர்கள் கேக் வெட்டினார்கள்.

போன வாரம், பெரு மழைக்குப் பிறகு, இரண்டாவது முற்றத்துச் சுவர் அடிப்பக்கம் உப்பி வெளியே வந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் பொட்டோசியிலிருந்து படிக்க வந்த இரண்டு பெண்கள் தூங்குகிறார்கள்.

அண்ணன் எவாரிஸ்டோவுக்கு இதைவிட நல்ல சேதி ஏது? மனிதர் கட்டட ஒப்பந்தக்காரர். கோயிலைக் காட்டினாலும் அதற்கு மேல் நான்கு மாடி கட்ட இடமிருக்கிறதா என்று பார்ப்பார். எங்கள் தெருவின் பழைய வீடுகள் நகராட்சியின் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை. இடிக்க அனுமதி கிடையாது. ஒரே விதிவிலக்கு, வீடு தானாக விழப்போகிறது என்று அதிகாரி எழுதிக் கொடுத்தால்.

“கையெழுத்துப் போடு ஃபெலிசா” என்றார் எவாரிஸ்டோ. உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். “வீடு ஆபத்தா இருக்குன்னு விண்ணப்பம். ஆள் வந்து பார்த்து ஆமான்னு எழுதிட்டா மூணே மாசத்துல தரை காலி. நாலு மாடி எழுப்பறேன். உனக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு. லிஃப்ட் வெச்சுத் தர்றேன்.”

“என் முழங்காலுக்கு லிஃப்ட் நீ வைக்க வேணாம்.”

“அம்மா, கொஞ்சம் கேளும்மா.” இது வில்பர், ஒரே மகன், இருபத்தொன்பது வயது, மாமனிடமே மேற்பார்வை வேலை. மேலே எல் ஆல்டோவில் ஒரே அறையில் மனைவி யோசெலினோடு வாடகைக்கு இருக்கிறான். அன்றைக்கு முகம் சரியில்லை. காலையிலேயே குடித்துவிட்டானோ என்று நினைத்தேன், இல்லை. “மாமா சொல்றதுல என்ன தப்பு? ஊரே செங்கல்லுக்கு மாறிடுச்சு. நீ ஒருத்திதான் மண்ணைக் கட்டிக்கிட்டு அழுவுற.”

“அழுவறது யாரு? நானா?” டோன்யா ஃபெலிசா இடுப்பில் கை வைத்தார். “இங்க பதினோரு கதவு இருக்குடா. ஒண்ணு காலியானா பத்து சம்பாதிக்கும். உங்க நாலு மாடிக்குப் பேங்குல கடன் வாங்கணும். அதைக் கட்டி முடிக்கிறதுக்குள்ள என்னை நீங்க ரெண்டு தடவை புதைச்சிருப்பீங்க.”

“சுவர் அந்தப் பொண்ணுங்க தலையில விழுந்தா?” என்றார் எவாரிஸ்டோ.

அதுதான் டோன்யா ஃபெலிசாவின் ஒரே பயம்; ஒரு வாரமாக அந்த மனுஷி அந்த அறை வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

பதில் சொன்னவர் டோன் சபினோ. முதல் முற்றத்தில் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கும் மண்கல் மேஸ்திரி. பேசுவதற்குக் கூலி கேட்பாரோ என்று தோன்றும் அளவுக்கு வாய் திறக்காதவர். “நூறு வருஷம் நின்ன சுவர் டோன்யா. மேலேருந்து நனையல, அடியிலேருந்து நனையுது. அக்டோபர்ல உங்கண்ணன் சிமெண்ட் பூசினாரில்ல, அதுலேருந்து அதுக்கு மூச்சுவிட வழியில்ல.”

“இலவசமாப் பூசினேன்!” என்று எவாரிஸ்டோ குதித்தார். “தங்கச்சிக்குன்னு பன்னெண்டு மூட்டை!”

“அதான் சொல்றேன். மண்சுவத்துக்கு யாராவது சிமெண்ட் போடுவாங்களா? கம்பளிக்கு மேல பிளாஸ்டிக் சட்டை போட்ட மாதிரி. உள்ள வேர்த்துக்கிட்டே இருக்கும்.”

“மேஸ்திரி, உம்ம வேலை மண்ணு மிதிக்கறது. அதைப் பாரும்.”

“அதைத்தான் பாக்கறேன். தண்ணி வெளிய போற வழி இந்த முற்றத்துக் கல்லுக்கு அடியில எங்கயோ இருக்கு. நாலு நாளா டோன்யாவும் நானும் கல்லைப் பேத்துத் தேடறோம். கிடைக்கல. அது கிடைச்சு, இந்தச் சிமெண்டையும் உரிச்சு விட்டா, சுவர் காயும்.”

“கிடைக்கலன்னா?”

“கிடைக்கலன்னா,” என்று டோன் சபினோ தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டுக்கொண்டார், “இன்னும் ரெண்டு பெரு மழை.”

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இல்லிமானி மலைப்பக்கம் பளிச்சென்றுதான் இருந்தது. பிப்ரவரி மாதத்தில் காலை வானத்தை நம்புகிறவர் எங்கள் ஊர்க்காரராக இருக்க மாட்டார்.

*

எவ்வளவு சண்டையானாலும் சாயாவை நிறுத்த முடியுமா? பூமித்தாய் பச்சமாமா கோபித்துக்கொண்டால் அண்ணன் தங்கை இருவரையும் சேர்த்தல்லவா விழுங்குவாள்! பதினொரு மணிக்குள் வாசலில் பலூன் கட்டியாயிற்று. கதவு, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, டோன் சபினோவின் தள்ளுவண்டி எல்லாவற்றிலும் காகிதச் சுருள். தெருவில் பாதிப் பேருக்கு அழைப்பு, எனக்கும். கை வீசிக்கொண்டு போகக் கூடாதென்று ஆறு பீர் பாட்டில் எடுத்துப் போனேன். அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் போனேன் என்று சொல்கிற நாக்குகளும் இதே தெருவில் இருக்கின்றன.

அண்டாவில் புச்சேரோ கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்கறியும் முட்டைக்கோஸும், நடுவில் முழுசு முழுசாகப் பீச் பழமும். இருபத்திரண்டு வருடம் ஊருக்குச் சோறு போட்ட கை. நிறை குறை சொல்ல ஒன்றுமில்லை. உப்பு மட்டும் ஒரு துளி கூடுதல்.

டோன்யா ஃபெலிசா தட்டில் பூவிதழும் மிட்டாயும் வண்ணக் காகிதத் தூளும் வைத்துக்கொண்டு மூலை மூலையாகப் போனார். வாசல் மூலையில் மதுவைத் தெளித்தார். “நல்ல குடித்தனக்காரங்களாக் கொடு தாயே. மாசம் பிறந்து அஞ்சு நாளுக்குள்ள வாடகை கொடுக்கிறவங்களா.” மாடிப்படி மூலையில், “ஓடு உடையாம பாத்துக்க.” சமையலறை மூலையில், “அந்த மூணாம் நம்பர் அறைக்காரன் கிதார் வாசிக்கறதை மட்டும் நிறுத்திடு, உனக்கு ஒரு புட்டி கூடுதலா ஊத்தறேன்.” மூன்றாம் நம்பர்க்காரனும் சேர்ந்து சிரித்தான்.

நான்காவது மூலை, இரண்டாவது முற்றத்தில். எல்லோரும் அவர் பின்னால் போனோம்.

அங்கே ஏற்கெனவே புகை எழும்பிக்கொண்டிருந்தது.

உப்பிய சுவரின் அடியில் முழந்தாளிட்டிருந்தாள் ஹோர்டென்சியா, எவாரிஸ்டோவின் மனைவி. கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அந்த அம்மாள் குரலுயர்த்தி நான் கேட்டதில்லை. முன்னால் கரித்துண்டில் வாசனைப்பொடி. அதற்குப் பக்கத்தில் முழங்கை உயரத்துக்கு ஒரு பொம்மை வீடு. நான்கு மாடி, நீலக் கண்ணாடி, உச்சியில் ஆன்டெனாகூட இருந்தது. வாசலில் குட்டிப் பலகை: ‘வாடகைக்கு.’

எங்கள் ஊரில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜனவரி இருபத்து நான்காம் தேதி உச்சிவேளையில் அலாசிட்டா சந்தைக்குப் போய், அந்த வருடத்துக்கு வேண்டியதைப் பொம்மையாக வாங்கிப் புகை காட்டுவோம். கார் வேண்டுமா, பொம்மைக் கார். படிப்பா, பொம்மைப் பட்டம். அதை எந்த இடத்தில் நிஜமாக்க வேண்டுமோ அந்த மண்ணிலேயே சாயா செய்தால் பலிக்கும் என்பார்கள். ஹோர்டென்சியா அந்த மண்ணைத் தேடி வந்திருந்தாள்.

“என்ன அண்ணி, பொம்மைக்கு விளையாட இடம் கிடைக்கலையா?” என்றார் டோன்யா ஃபெலிசா.

ஹோர்டென்சியா எழுந்திருக்கப் பார்த்தாள். பாவாடை காலில் சிக்கியது. பொம்மை வீட்டின் கூரைக்கடியிலிருந்து ஒரு சின்னத் தாள் வழுக்கி விழுந்தது. பொம்மைப் பத்திரம். சந்தையில் வீடு வாங்கினால் அதற்கும் பத்திரம் எழுதி முத்திரை குத்திக் கொடுப்பார்கள்.

டோன்யா ஃபெலிசா குனிந்து எடுத்தார். கண்ணாடி சமையலறையில். “லிட்ஸி! நீதானே வக்கீலுக்குப் படிக்கிற? வந்து இதைப் படி.”

லிட்ஸி சுவருக்குப் பின்னால் தூங்கும் இருவரில் ஒருத்தி. தலைமுடியெல்லாம் காகிதத் தூள். தாளை மூக்குக்கு நேரே பிடித்து, கோர்ட்டில் நிற்கிற தோரணையில் படித்தாள்.

“சொத்து விவரம்: நான்கு மாடிக் கட்டடம். இடம்...” நிறுத்தினாள். “நம்ம தெரு. நம்ம கதவு நம்பர்.”

“உரிமையாளர்?”

“ரெண்டு பேரு டோன்யா.”

“படி.”

“எவாரிஸ்டோ அபாசா.” லிட்ஸி யாரையும் பார்க்கவில்லை. “வில்பர் திக்கோனா அபாசா. தேதி, ஜனவரி இருபத்து நாலு, பகல் பன்னெண்டு மணி.” பழக்க தோஷத்தில் சேர்த்துக்கொண்டாள், “சட்டப்படி இது செல்லாது.”

“சட்டம் கிடக்கட்டும். இன்னிக்கு என்ன தேதி?”

மூன்றாம் நம்பர்க்காரன்தான், பாவம், விவரம் புரியாமல் தேதியைச் சொன்னான்.

“அப்ப ஒரு மாசமாச்சு. சுவர் போன வாரம்தான் உப்புச்சு.” டோன்யா ஃபெலிசா திரும்பினார். “சுவர் விழும்னு சுவத்துக்கே தெரியறதுக்கு முன்னாடி உங்களுக்கு எப்படி அண்ணே தெரிஞ்சுது?”

“அது... இவ வாங்கினது. பொம்பளைங்க ஆசை!” எவாரிஸ்டோ மனைவியைக் காட்டினார்.

“நான்தான் வாங்கினேன்” என்றாள் ஹோர்டென்சியா. மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. “இருபத்தாறு வருஷமா ஊருக்கெல்லாம் வீடு கட்டறாரு. எங்க வீட்டு மாடியில இன்னும் கம்பி வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்குது. மழை பேஞ்சா கட்டிலை இழுத்துக்கிட்டு அலையறேன். முடிஞ்ச வீடு ஒண்ணு கேட்டேன். பேரு எழுதச் சொன்னது இவரு. ரெண்டு பேரையும் எழுதுன்னு சொன்னாரு. என் பேரை எழுதச் சொல்லல.”

“வில்பர்” என்றார் டோன்யா ஃபெலிசா.

வில்பர் தொட்டிப்பக்கம் நின்று பீர் பாட்டிலின் லேபிளை உரித்துக்கொண்டிருந்தான். “பொம்மைதானேம்மா” என்றான்.

*

இரண்டரை மணிக்கு வானம் உடைந்தது.

முதலில் ஆலங்கட்டி, பட்டாணி அளவில். ஓடுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. பிறகு மழை. காகிதத் தூளெல்லாம் வண்ணக் கஞ்சியாகி முதல் முற்றத்திலிருந்து இரண்டாவது முற்றத்துக்கு ஓடியது. எங்கள் ஊரில் எல்லாம் சரிவுதானே. தண்ணீர் கீழே போகும். இரண்டாவது முற்றம்தான் கடைசி. அங்கிருந்து அது எங்கேயும் போகவில்லை. கணுக்காலளவு வந்தது. சுவரின் உப்பிய வயிற்றுக்கடியில் நுரை கட்டி நின்றது.

“பொண்ணுங்க ரெண்டு பேரும் முன்னாடி அறைக்குப் போங்க! புத்தகத்தை மட்டும் எடுங்க, கட்டிலை விடுங்க!” டோன்யா ஃபெலிசா பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். கையில், மிச்சத்தைப் பானைக்கு மாற்றிவிட்ட புச்சேரோ அண்டா. குடித்தனக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். வாளி, சட்டி, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி, எது கிடைத்ததோ அது. நானும் என் பங்குக்கு இரண்டு வாளி ஊற்றினேன். பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டது.

டோன் சபினோ யூகலிப்டஸ் கம்புகளை இழுத்து வந்து சுவருக்கு முட்டுக் கொடுத்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவதை ஊன்றும்போது சுவரிலிருந்து சிமெண்ட் பலகை ஒன்று அப்படியே பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. உள்ளே மண் கறுத்து, பிசைந்த மாவு மாதிரி இருந்தது.

“வெளிய வந்துடு ஃபெலிசா!” எவாரிஸ்டோ தாழ்வாரத்தில் நின்று கத்தினார். “விழட்டும் விடு! உசிரா, மண்ணா?”

“நான் வரமாட்டேன்!”

“பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? அந்தச் சுவத்துல என்ன இருக்கு?”

“பதினோரு கதவு இருக்கு! இருபத்திரண்டு வருஷம் வெங்காயம் உரிச்சிருக்கேன்! விழறதுன்னா என் மேல விழட்டும், பேப்பர்ல எழுதிக்க! நான் இங்கேருந்து நகரமாட்டேன்!”

சொன்னபடியே சுவருக்கு நேர் எதிரே, கம்புகளுக்கு நடுவில் நின்று அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். டோன் சபினோ தோளைத் தொட்டு இழுத்தார். டோன்யா ஒரு முறை முறைத்தார்; மேஸ்திரி கையை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் வில்பர் ஓடினான்.

தள்ளுவண்டியிலிருந்து கடப்பாரையை உருவினான். தண்ணீருக்குள் இறங்கினான். முற்றம் முழுக்கக் கணுக்காலளவு சேற்றுத் தண்ணீர்; ஒரு கல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் தேடவில்லை. நேராக எலுமிச்சைத் தொட்டிக்கும் மாணவிகளின் ஜன்னலுக்கும் நடுவே போனான். காலால் தடவி ஒரு கல்லின் விளிம்பைக் கண்டான். கடப்பாரையைச் செருகி ஒரே நெம்பில் கல்லைப் புரட்டினான். அடியில் குத்தினான். பத்துக் குத்து, பதினைந்து. உடைந்து வந்தது சாம்பல் நிறச் சிமெண்ட் கட்டி, மனிதத் தலையளவு.

தண்ணீர் ஒரு சுழி போட்டது. பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். பிறகு கடகடவென்று இறங்க ஆரம்பித்தது.

யாரும் கை தட்டவில்லை. நான்கு நாட்களாக ஒரு மேஸ்திரியும் ஒரு வீட்டுக்காரியும் மண்டியிட்டுத் தேடிக் கிடைக்காத வழியை, இந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்தால், அது எப்படி என்று கேட்க எங்கள் தெருவில் யாருக்கும் பொம்மைப் பட்டம்கூடத் தேவையில்லை.

வில்பர் கடப்பாரையைப் பிடித்தபடியே நின்றான். மழை அவன் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தது.

“எப்ப?” என்றார் அம்மா.

“அக்டோபர்ல. சிமெண்ட் பூசறப்ப ஓட்டையப் பார்த்தேன். மிச்சமிருந்த கலவைய...” கடப்பாரையால் அந்தக் குழியைக் காட்டினான். “தண்ணி போக வழியில்லன்னா மண்சுவருக்கு ஒரு மழைக்காலம் போதும்னு மாமா சொன்னாரு.”

“நான் பேச்சுக்குச் சொன்னேண்டா!” எவாரிஸ்டோ அலறினார். “சாப்பிடறப்ப ஆயிரம் பேசுவேன்! அடைன்னு சொன்னேனா?”

“அடைக்காதன்னும் சொல்லல.”

“அந்தப் பொண்ணுங்க அங்க தூங்குதுங்க” என்றார் டோன்யா ஃபெலிசா.

“அப்ப அந்த அறை காலிம்மா! நீ ஆள் வைப்பேன்னு நினைக்கல! டிசம்பர்ல வெச்சுட்ட. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒவ்வொரு மழைக்கும் ராத்திரி எல் ஆல்டோவுல உக்காந்து...” முடிக்கவில்லை. “முப்பது வயசாவப்போவுது. இன்னும் ஒரே அறை. நீ வர்ற பணத்தையெல்லாம் ஓட்டுல போடற. எனக்கு எப்பம்மா?”

இந்த இடத்தில் அவன் கன்னத்தில் ஓர் அறை விழும் என்று எதிர்பார்த்தேன். நான் அம்மாவாயிருந்தால் விழுந்திருக்கும். டோன்யா ஃபெலிசா அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. பாதி முற்றத்தில் கல் தெரிய ஆரம்பித்தது.

“உனக்கு அறை வேணும். அவ்வளவுதானே?”

“அம்மா...”

“தர்றேன். இந்த அறை.” சுவரைக் காட்டினார். “லிட்ஸியும் அவ தோழியும் நாளைக்குக் காலியாவற மாடி பால்கனி அறைக்குப் போறாங்க, பழைய வாடகையிலேயே. வியாழக்கிழமை நீ இங்க குடி வர்ற. நீ நனைச்ச சுவத்துக்குப் பின்னாடி நீ தூங்கு. மழைக்காலம் முடியற வரைக்கும். சாயங்காலம் வேலைவிட்டு வந்து மேஸ்திரியோட சேர்ந்து சிமெண்டை உரி, மண்ணு மிதி, பூசு.”

“வாடகை?” என்றான் வில்பர். கேட்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“எல்லாருக்கும் என்னவோ அதேதான். அஞ்சாம் தேதிக்குள்ள.”

டோன் சபினோ முட்டுக் கம்புகளைத் தட்டிப் பார்த்தார். “தண்ணி போயிடுச்சு, முட்டு இருக்கு. நிக்கும்” என்றார். “ஆனா நல்லாத் தூக்கம் வராது.”

“அதுக்குத்தான்.”

எவாரிஸ்டோ நனைந்த உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். மனைவியைக் கூப்பிடவில்லை. கதவருகே திரும்பினார். “நீ ஆடற வரைக்கும் ஆடு ஃபெலிசா. நீயாப் போட்டா நல்லதுன்னுதான் கேட்டேன், நான் கையில வெச்சிருந்தது நகல்தான். அசல் போன வெள்ளிக்கிழமையே ஆபீசுல சேர்ந்தாச்சு. உன் கையெழுத்தோட.”

“நான் எங்கயும் கையெழுத்துப் போடல.”

“பேப்பர்ல இருக்கு.”

“அப்ப வரட்டும்!” டோன்யா ஃபெலிசா அண்டா மேலிருந்து எழுந்தே விட்டார். “ஆளைக் கூட்டிக்கிட்டு வா! ஹெல்மெட் போட்ட ஆளு, கோட்டுப் போட்ட ஆளு, யாரை வேணா கூட்டிக்கிட்டு வா! பதினோரு கதவையும் திறந்து காட்டறேன். புச்சேரோ மிச்சமிருக்கு, அவருக்கும் ஒரு தட்டுப் போடறேன். இந்த வீட்டை விழுதுன்னு எழுதணும்னா என் கண்ணைப் பாத்து எழுதட்டும்!”

பிறகு நான்காவது மூலைக்குப் போய், ஈரக் கல்லின்மேல் பீரைப் பாட்டிலோடு கவிழ்த்தார். பச்சமாமாவிடம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மிக அருகில்தான் நின்றிருந்தேன், அப்படியும் கேட்கவில்லை. என் வருத்தம் அது.

*

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்; தெருவில் வேறுவிதமாகச் சொல்கிறார்கள்.

மாணவிகள் புதன்கிழமையே பால்கனிக்கு ஏறிவிட்டார்கள். வில்பர் வியாழக்கிழமை ஒரு மெத்தை, ஒரு அடுப்போடு வந்து சேர்ந்தான். யோசெலின் வரவில்லை. வாசலில் நின்று சுவரை விரலால் அழுத்திப் பார்த்தாள். “சொல்லிட்டாவது செஞ்சிருக்கக் கூடாதா நீ? இது காயற வரைக்கும் நான் எங்கம்மா வீட்டுல” என்று சொல்லிவிட்டு மினிபஸ் ஏறிவிட்டாள். தினமும் மாலையில் வில்பர் பேண்ட்டை மடித்துவிட்டு மண் மிதிக்கிறான். வைக்கோல் சரியாகக் கலக்கவில்லையென்று டோன் சபினோ மறுபடி மிதிக்க விடுகிறார். மாமனிடம் வேலை இனி உண்டா என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நகராட்சியிலிருந்து ஆள் வரும் தேதி குறித்துக் கடிதம் வந்திருக்கிறது. அம்மாவின் பெயரில் இருக்கும் அந்தக் கையெழுத்து தான் போட்டதல்ல என்று வில்பர் சத்தியம் செய்கிறான். அம்மா நம்பினாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கார்னிவல் கோமாளிப் பொம்மையைப் புதைத்துத் திருவிழாவை முடித்துவிட்டு ஊரே தலைவலியோடு படுத்திருந்த மதியம், ஹோர்டென்சியா வந்தாள். கையில் ஒரு பெட்டி. தலையில் தொப்பி நேராக இருந்தது.

“அறை ஏதாவது காலியிருக்கா ஃபெலிசா?”

டோன்யா ஃபெலிசா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து நாத்தனார் பார்வை ஒன்று பார்த்தார், பிறகு வீட்டுக்காரி பார்வை ஒன்று.

“ரெண்டு பேருக்கா அண்ணி?”

“ஒருத்திக்கு.”

“முதல் முற்றத்துல சின்ன அறை ஒண்ணு இருக்கு. காலைல வெயில் வரும். ஒரு மாச முன்பணம். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது.”

“ஒழுகுமா?”

“ஒழுகாது.”

ஹோர்டென்சியா பெட்டியைக் கீழே வைத்தாள். அன்று மாலையே கட்டில் வந்து இறங்கியது. ஒரு பக்கம் டோன் சபினோவும், மறுபக்கம் முழங்கால்வரை மண்ணோடு வில்பரும் பிடித்து உள்ளே தூக்கிப் போனார்கள். எவாரிஸ்டோ இன்னும் இந்தத் தெருப்பக்கம் வரவில்லை.